போத்தனூருக்கு ஒரு ரோஜா

கிரேஸின் கடிதத்தைக் கிணற்று மேட்டில் நின்றபடியே படித்தேன். அப்பா மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகள் சரிவில் இறங்க, தோல்பறி மேலே வந்து தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டுத் திரும்பும். கடிதத்தின் முதல் பக்கம் முடிவதற்குள் மூன்று பறி கொட்டிவிட்டது.

"தை கடைசியில் எனக்குக் கல்யாணம். அவர் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நாலாம் நாளே புறப்படுகிறோம். மேட்டுப்பாளையத்து ரயிலை விட்டுப் போத்தனூரில் இறங்கி, பொள்ளாச்சி வழியாகப் போகும் ரயிலில் ஏற வேண்டும். நடுவில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. உன் தோட்டத்திலிருந்து போத்தனூர் தூரமா?"

நான் தலையை நிமிர்த்தினேன். எதிரே வாய்க்கால் ஓரத்தில், ஒரு தென்னங்கீற்றின் நிழலில், அவள் கொடுத்த ரோஜாச் செடி நின்றது. செடி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மூன்று குச்சி, பதினோரு இலை.

அந்த நிமிஷத்தில்தான் தோன்றியது. இந்தச் செடியில் பூத்த பூவை அவள் கையில் கொடுத்து ரயில் ஏற்ற வேண்டும். அப்போது ஆவணி. தை கடைசிக்கு இன்னும் ஐந்து மாசம் இருந்தது. ஐந்து மாசத்தில் ஒரு பூ. அதிகமாகவா கேட்டேன்?

"என்ன கண்ணு காயிதத்துல?" என்றார் அப்பா.

"கிரேசுக்குக் கல்யாணமுங்க."

"நல்ல சமாச்சாரந்தானே. அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கற?"

"கடலத் தாண்டிப் போறாளுங்க."

அப்பா ஒரு பறி கொட்டி முடியும்வரை யோசித்தார். "கடலும் நம்ம கெணறாட்டத்தான் கண்ணு. கொஞ்சம் பெருசா இருக்கும்" என்றார்.

அவர் கடலைப் பார்த்ததில்லை. நானும்தான்.

டின்னில் வந்தவள்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதினேன் அல்லவா? அங்கே படித்த ஒரு பழைய மாணவி, 'சாம்பார் அவ்வளவு மோசமில்லை' என்று ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவர் வரிசையில் முதலில் உட்கார்ந்தவராக இருக்க வேண்டும். நானும் கிரேஸும் கடைசி வரிசை. பருப்பு எங்கள்வரை வந்து சேராது.

கிரேஸ் குன்னூர்ப் பெண். அவள் அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் பங்களாவில் தோட்டக்காரர். நான் சூலூருக்குக் கிழக்கே பருத்திக் காட்டுக்கு நடுவில் பிறந்தவள். கோயமுத்தூர் விடுதியில் எங்கள் இருவர் பாயையும் அடுத்தடுத்துப் போட்டார்கள். நாலு வருஷம் அப்படியே கிடந்தன.

அவள் வந்த புதிதில் ஓயாமல் அழுவாள். அப்போது ஊருக்குள் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலை குழாயடியில் இரண்டு கையும் குவித்துக் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்னடி?" என்றேன்.

"இதுல மலை இருக்குடி."

நான் குடித்துப் பார்த்தேன். எனக்குத் தண்ணீர்தான் இருந்தது. ஆனால் அவள் அன்றோடு அழுகையை நிறுத்திவிட்டாள்.

பள்ளிக்கூடப் படிப்பு முடிந்து பிரிகிற நாளில் அவளை அழைத்துப் போக வந்த அவள் அப்பா, எனக்கென்று ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். டின்னுக்குள் மண். மண்ணின் மேல் ஈரப்பாசி. அதில் முழங்கால் உயர ரோஜாச் செடி, அதன் உச்சியில் ஒரே ஒரு பூ. வெண்ணெயில் ஒரு துளி குங்குமம் கரைத்தது போல நிறம். முகர்ந்தால் தேயிலையும் மாம்பழமும் கலந்த ஒரு வாசனை.

"இதை நட்டு வை. மறுபடி பூத்தா எழுது" என்றாள் கிரேஸ்.

மடியில் டின்னை வைத்துக்கொண்டு சூலூர்வரை பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "ஏனுங்க அம்மணி, விலைக்குங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் டின்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சித்திரை வெயிலில் பூவின் இதழ்கள் கருகி, ஒவ்வொன்றாக வாய்க்காலில் விழுந்து மிதந்து போயின.

சிறுவாணியில் ஒரு டின்

புதுச் செடிக்கு எங்கள் வீட்டில் நடந்த உபசாரம் போல ஒரு மாப்பிள்ளைக்கும் நடந்திருக்காது. அப்பா கூடையில் எரு கொண்டுவந்து கொட்டினார். அம்மா அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினாள். காட்டு வேலைக்கு வரும் ராமாத்தாள் போகும்போது ஒரு செம்பு, வரும்போது ஒரு செம்பு தெளித்தாள். பத்து நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிட்டது.

"செத்துப்போச்சாட்ட இருக்குதுங்க சின்னம்மணி" என்றாள் ராமாத்தாள், அடுத்த செம்பைச் சாய்த்துக்கொண்டே.

ஆனால் சாகவில்லை. கீற்று நிழலில் மூன்று குச்சியாக முனகிக்கொண்டு ஆவணிவரை வந்துவிட்டது. அப்போதுதான் கல்யாணக் கடிதம். என் யோசனையை மறைத்துவிட்டு, 'செடி பூக்க என்ன செய்வது?' என்று மட்டும் கேட்டு எழுதினேன். அவள் பதில் என் பெட்டியில் இருக்கிறது.

"புதுசாக வந்தவளுக்கு விருந்து வைத்துக் கொன்றுவிடாதே. வேர் மண்ணைப் பிடிக்கும்வரை எரு வேண்டாம். தண்ணீரை அடிக்கடி தெளிக்காதே. நாலு நாளைக்கு ஒரு தடவை ஊற்று, ஆனால் அடி வேர்வரை இறங்கட்டும். தூரைச் சுற்றிச் சருகு போடு. மத்தியான வெயிலை மறை, காலை வெயிலை மறைக்காதே. முதலில் வரும் மொட்டைக் கிள்ளி எறி. மனசு கேட்காது. இருந்தாலும் கிள்ளு. அந்தச் சத்து வேருக்குப் போகட்டும். அப்புறம் பார், பூவாகக் கொட்டும்."

எங்கள் கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். பருத்தி அதைக் குடித்துவிட்டுப் பேசாமல் வளரும். மலையில் பிறந்த செடி என்ன செய்யும்? அப்பா கோயமுத்தூருக்குப் பருத்தி ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் வண்டியில் ஒரு காலி டின்னைக் கட்டிவிட்டேன். திரும்பும்போது அதில் சிறுவாணி.

"பருத்தி போன வண்டியில தண்ணி வருது, நாளைக்கு நம்மூர்ல மழையும் வெலைக்கு வாங்குவாங்களாட்டிருக்குது" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சிரித்தாராம். அப்பா அதை வந்து என்னிடம் சொல்லிவிட்டு, டின்னைச் சிந்தாமல் இறக்கி வைத்தார்.

மழை விட்ட சில காலைகளில் எங்கள் தோட்டத்திலிருந்து வடமேற்கே நீலமலை தெரியும். ஒரு விரல் அகல நீலம்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்போது அங்கே அவள் எழுந்திருப்பாள், இப்போது அடுப்பு மூட்டியிருப்பாள் என்று நினைப்பு ஓடும். அவள் போய்விட்டால் எந்தப் பக்கம் பார்ப்பது? கடலுக்கு அந்தப்புறம் இருக்கும் ஊரை எந்தத் தோட்டத்தில் நின்று பார்க்க முடியும்?

காயத்துக்கு மண்

இந்த முறை ஆவணி கடைசியிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓயவில்லை. செடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தூரில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே, தண்டில் ஒரு முடிச்சு இருந்தது. வீங்கி, வெடித்து, ஆறிப்போன புண் மாதிரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும். மலையிலிருந்து வருகிற வழியில் அடிபட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

புரட்டாசியில் ராமாத்தாள் மிளகாய்க்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். கரும்போ மஞ்சளோ மிளகாயோ, கொஞ்சம் வளர்ந்ததும் தூரில் மண்ணை இழுத்து மேடாக அணைத்து விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். காற்றுக்குச் சாயாது. வேரும் பரவும்.

"ரோசாவுக்கும் அணைச்சு உடு ராமாத்தா. அந்தக் காயம் மூடற மாதிரி அணைச்சுரு" என்றேன்.

"அப்பிடிச் சொல்லுங்க. புள்ளைக்குப் போர்த்தி உடறாப்பல போர்த்திப்போடறேன்" என்று அவள் இரண்டு கையாலும் மண்ணை அணைத்து, தட்டி, அழகான மேடு கட்டிவிட்டாள். செடி நிமிர்ந்து நின்றது. எனக்கு அன்றைக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

ஐப்பசி மழை பிடித்தது. பழைய குச்சியின் உச்சியில் மிளகு அளவுக்கு ஒரு மொட்டு வந்தது. பச்சைத் தோலின் இடுக்கில் ஒரு மயிரிழைச் சிவப்பு. இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினேன். விரலில் பச்சை வாசனை. கிள்ளினதை எறிய மனமில்லாமல் முந்தானையில் முடிந்து வைத்தேன்.

அதே வாரம், அந்த மண்மேட்டைப் பிளந்துகொண்டு ஒரு புதுக் கொம்பு கிளம்பியது.

ஏறிய கொம்பு

அப்படி ஒரு வளர்ச்சியை நான் பார்த்ததில்லை. காலையில் இடுப்பளவு இருந்தது மாலையில் மார்பளவு இருப்பதாகத் தோன்றும். கார்த்திகைக்குள் என் தலைக்கு மேலே போய்விட்டது. வீட்டுக்கு வந்த உறவு உறம்பரை எல்லோரையும் முதலில் வாய்க்கால் ஓரத்துக்குத்தான் கூட்டிப்போனேன்.

"மொட்டக் கிள்ளினதுல அத்தனை சத்தும் கொம்புக்குப் போயிருச்சுங்க" என்று அப்பாவுக்கு விளக்கினேன்.

"படிச்ச புள்ள சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் முகத்தில் பெருமையா, சிரிப்பா, கண்டுபிடிக்க முடியவில்லை.

பழைய மூன்று குச்சியும் அதற்குள் சோர்ந்துபோயின. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபோதே ஒரு பழைய தோட்டப் புத்தகத்தை வாங்கி வந்திருந்தேன். பாதிப் பக்கம் கரையான் தின்றது. மீதிப் பாதியில், மெலிந்த கொம்பை வெட்டினால் வலுத்த கொம்பு பூக்கும் என்று இருந்தது. கத்தரிக்கோலை எடுத்துப் போய் மூன்றையும் தூரோடு வெட்டினேன். கொஞ்சமும் தயங்கவில்லை. அதுதான் இன்று நினைத்தால் ஆறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மொட்டைக் கிள்ளினவள், செடியை வெட்டும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் கொம்பு மாட்டுக் கொட்டகைக் கூரையைத் தொட்டது. தை பிறந்தபோது கூரைமேல் படர்ந்து அந்தப்புறம் எட்டிப் பார்த்தது. தினம் வெடியால எழுந்ததும் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பேன். இலை, இலை, இன்னும் இலை.

"பூத்துதுங்களா சின்னம்மணி?" என்பாள் ராமாத்தாள் கீழே நின்று.

"இல்ல."

"ஒரு செவ்வந்திய எடுத்து நூல்ல கட்டி உடட்டுங்களா? தூரத்துல பாத்தா ரோசாவாட்டத்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டே இறங்கினேன். அப்புறம் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒன்றரை மணி நேரம்

போத்தனூருக்கு அப்பாதான் சவாரி வண்டி கட்டினார். பூ இல்லை. வெறுங்கையோடு போக முடியாமல் அந்தக் கொம்பின் நுனியில் ஒரு முழம் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

ஸ்டேஷன் வாசலில் பூக்காரி உட்கார்ந்திருந்தாள். அப்பா வண்டியை நிறுத்திவிட்டுப் போய், வாழையிலைத் துண்டில் ஒரு பன்னீர் ரோஜா வாங்கி வந்தார்.

"இந்தா கண்ணு. நம்ம செடியில பூத்துதுன்னு குடுத்துரு. பாவம், சந்தோசமா ஊருக்குப் போகட்டும்."

அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதைக் கொடுத்திருந்தால் அவள் நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பாள். அதனால்தான் முடியவில்லை. வண்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மேட்டுப்பாளையத்து ரயில் வந்தது. கிரேஸ் பட்டுச் சேலையில் இறங்கினாள். கழுத்தில் புதுச் சங்கிலி, காலில் புதுச் செருப்பு. செருப்பு கடிக்கிறது என்று நடையிலேயே தெரிந்தது. பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட அவள் கணவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாங்கள் தகரப் பெட்டி ஒன்றின்மேல் நெருக்கி உட்கார்ந்தோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தடவிக்கொண்டாள்.

"அந்த ஊர்த் தண்ணி எப்படி இருக்குமோ" என்றாள். பிறகு, "செடி எப்படிடி இருக்கு?" என்றாள்.

"மாட்டுக் கொட்டகை மேல ஏறிடுச்சு."

"ஏறிடுச்சா? அது ஏறாதே."

துணியைப் பிரித்துக் கொம்பைக் கொடுத்தேன். ஒரு காம்பைப் பிடித்து அதிலிருந்த சிற்றிலைகளை உதட்டுக்குள் எண்ணினாள். ஏழு வந்தது. மறுபடி எண்ணினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது. கணவர் எண்ணிக்கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நாச்சி, இது எங்க வீட்டு வேலிடி."

"என்னது?"

"வேலியில கிடக்கிற காட்டு ரோஜா. ஒரு காம்புல ஏழு இலை பாரு, நான் குடுத்ததுக்கு அஞ்சுதான். அப்பா அதுலதான் நல்ல ரோஜாவோட முளைக்கண்ணை எடுத்து ஒட்டுவார். தூர்ல ஒரு முடிச்சு இருந்துச்சே, அதுக்கு மேலதான் ரோஜா. கீழ வேலி. அந்த முடிச்சை என்ன பண்ணினே?"

"காயம்னு நெனைச்சு மண்ணப் போட்டு மூடிட்டேன். முடிச்சு வெளிய இருக்கணும்னு நீ எழுதவே இல்லையே."

"அதையும் எழுதணுமாடி? அரிசியைக் கழுவிட்டு உலையில போடுன்னு யாராச்சும் எழுதுவாங்களா?" என்றாள். பிறகு மெதுவாக, "மேல இருந்தது என்ன ஆச்சு?"

"ஒரு மொட்டு வந்துச்சு. நீ சொன்னபடி கிள்ளினேன். அப்புறம் வாடுச்சு. நானே வெட்டிட்டேன்."

அவள் கொம்பைத் திருப்பிப் பார்த்தாள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "மழை விட்டதும் எங்க வேலி ஓரம் இப்படித்தான் இருக்கும்" என்று, இன்னொரு இலைக்காம்பை ஒடித்துக் கைப்பையில் இருந்த பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். "பூ கொடுத்திருந்தா மதுரைக்குள்ள வாடியிருக்கும்."

எனக்கு அது ஆறுதலாக இல்லை. நான் கொடுக்க நினைத்தது பூ.

பிறகு அவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். ஈரப்பாசியில் சுருட்டிய ஒரு குச்சி. இலங்கையில் ஒட்டிக்கொள்ளச் சொல்லி அவள் அப்பா கொடுத்தது. அதே வெண்ணெய் நிற ரோஜா. இலைக்காம்பின் இடுக்கில் ஒவ்வொரு கண்ணாக, மொத்தம் ஆறு. எண்ணிப் பார்த்துவிட்டு நடுவில் ஒடித்து, ஒரு பாதியைப் பாசியில் சுருட்டி என்னிடம் கொடுத்தாள்.

"ஒடிச்சா ரெண்டும் பட்டுப்போயிடாதா?" என்றார் கணவர். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பட்டா ரெண்டு பேருக்கும் படட்டும்."

என் இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொண்டை ஊசியால் உள்ளங்கையில் கோடு போட்டாள். "குறுக்கே ஒரு கோடு. அதுலேருந்து கீழே ஒரு கோடு. பட்டை மட்டும் அறுபடணும், கட்டை அறுபடக் கூடாது. பட்டையை நெகிழ்த்தி உள்ளே கண்ணைச் சொருகு. ஈரமான வாழைநாரால கட்டு, கண்ணை மட்டும் வெளியே விடு. முதல் நாள் நல்லாத் தண்ணி ஊத்தி வை, அப்பத்தான் பட்டை உரியும்." ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னாள். ஊசி லேசாக வலித்தது. இன்னும் ஒரு தடவை சொல்லட்டும் என்று, புரியாத மாதிரி விழித்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கும். மூன்றாம் தடவையும் சொன்னாள்.

பொள்ளாச்சி ரயில் தெற்கே போனது. புகை தண்டவாளத்தின்மேல் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது.

வண்டிக்கு வந்தால் அப்பா வாங்கின ரோஜாவைக் காணோம். காம்பு மட்டும் வாழையிலையில் கிடந்தது.

"செவலை மாட்டுக்குக் குடுத்துட்டேன். நல்லாத்தான் தின்னுச்சு" என்றார். சிங்காநல்லூர் தாண்டினோம். அப்புறம், "அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு கண்ணு?"

"நம்மது ரோசா இல்லீங்களாம். வேலியாமுங்க."

"அதான் நம்ம தண்ணியக் குடிச்சுப்போட்டு அந்த வளத்தி வளந்துது" என்றார் அப்பா. அவர் குரலில் முதல் முறையாக அந்தச் செடிமேல் ஒரு மரியாதை இருந்தது.

"அப்பா, உங்க சவரக் கத்தி வேணுமுங்க. நாளைக்கு வெடியால."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் மடியில் இருந்த பாசிச் சுருளைப் பார்த்தார். "தீட்டித் தாரேன்" என்றார்.

பொழுதோட, இருட்டும் முன்பே போய்த் தூரிலிருந்த மண்மேட்டைக் கையாலேயே தள்ளினேன். முடிச்சு இருந்த இடம் தெரிந்தது. அதற்கு மேலே நான் வெட்டின மூன்று தழும்புகள், கீழே கட்டை விரல் பருமனில் அந்தக் கொம்பு. நான்கு குடம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். இதற்குச் சிறுவாணி தேவையில்லை. உள்ளங்கைக் கோடு அழிந்துகொண்டிருந்தது. அடுப்புக் கரியால் அதன்மேலேயே இழுத்து வைத்தேன்.

மூன்று கண் இருக்கின்றன. ஒன்றை அந்தக் கொம்பில் வடமேற்கே, மழை விட்ட நாளில் நீலமலை தெரிகிற பக்கம் வைப்பதாக முடிவு. ஒன்றைத் தெற்கே, ரயில் போன பக்கம். மூன்றாவது, என் கை பழகுவதற்கு. கெட்டுப்போனால் அதுதான் கெட வேண்டும். நாளைக்கு வெயில் ஏறும் முன் முதலில் அதைத்தான் சொருகப் போகிறேன்.